மாண்புமிகு படத்தை அளக்கலாகாது

உலகோர் அனைவருக்கும் ஓர் அறிவிப்பு. அன்னியக் கணினிகளின் அடிமைத்தளையை அறுத்தெறிந்து இம்மாநிலம் தன் சொந்த மூளையில் பெற்றெடுத்த வெண்கொற்றம் இயங்குதளம், வெற்றிகரமாக ஐந்தாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது. இதில் ஓட்டை இல்லை. இருந்ததும் இல்லை. இருக்கப்போவதாகத் தகவலும் இல்லை. ஓட்டை இருப்பதாக எவரேனும் கூறக் கேட்டால், கூறியவரின் பெயர், முகவரி, பதவி ஆகியவற்றை மின்மாட்சித் துறைக்கு உடனடியாகத் தெரிவிக்க வேண்டியது குடிமக்களின் கடமையாகும்.

2043ஆம் ஆண்டு, பொங்கலுக்கு முதல் நாள் இந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்து முடித்த கணினி, அதை வெளியே அனுப்பாமல் பதினோரு நிமிடம் அப்படியே உறைந்து நின்றது. மின்மாட்சித் துறை அமைச்சர் மாண்புமிகு எழிற்கோ அவர்களின் பொங்கல் வாழ்த்துப் படம், கரும்பு, பானை, இரண்டு காளைகள் சகிதம், மாநிலத்தின் நான்கு லட்சம் அரசுத் திரைகளில் எழுந்தருளிய நேரம் அது. கணினி மரியாதைக்காக நின்றது என்றுதான் அலுவலகத்தில் எல்லோரும் நினைத்தார்கள்.

நினைத்ததில் தவறில்லை. திரையில் அமைச்சர் முகம் தோன்றினால் எழுந்து நிற்பது துறையின் வழக்கம். கணினியைப் போட்டதும் அந்த முகம்தான் முதலில் வரும்; முழுதாக வந்து சேர நாற்பது விநாடி ஆகும். மூட்டுவலிக்காரர்கள் கணினியை அணைப்பதே இல்லை.

அதே பதினோரு நிமிடம், தலைநகரின் ஓர் அரசு மருத்துவமனையில், டயாலிசிஸ் பிரிவில் இருந்த இருபத்திரண்டு இயந்திரங்களில் நான்கு நின்றுபோயின. அவற்றுக்கும் உள்ளங்கை அகலத்தில் ஆளுக்கொரு திரை உண்டு. அவையும் அரசுத் திரைகளே. அவற்றிலும் கரும்பும் பானையும் காளையும் வந்தாக வேண்டும் என்பது ஆணை. டயாலிசிஸ் இயந்திரம் நின்றால், நோயாளியின் உடலுக்கு வெளியே குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் ரத்தம் குழாயிலேயே உறையத் தொடங்கும். அதைத் திருப்பி உடம்புக்குள் அனுப்ப இயந்திரத்தில் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதைக் கையால் சுற்ற வேண்டும். அன்று பணியில் இருந்த டெக்னீஷியன் முபாரக்கும் ஒரு நர்ஸும் ஆளுக்கு இரண்டாக நான்கு கைப்பிடிகளையும் மாற்றி மாற்றிச் சுற்றினார்கள். நான்கு பேரும் பிழைத்தார்கள். அமைச்சர் வாழ்த்தினார் அல்லவா!

அந்த நால்வரில் ஒருவர் அருளப்பன். தூத்துக்குடிப் பக்கம் தனியார் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். சிறுநீரகம் கைவிட்டபின் தலைநகரில் தங்கையின் வீட்டில் இருக்கிறார். தங்கை செலின்மேரி, மின்மாட்சித் துறையில் ஒப்பந்தச் சோதனையாளர். மென்பொருளில் பிழை தேடுவது அவள் வேலை. பிழை இல்லாத மென்பொருளில் பிழை தேட ஆள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதனால்தான் ஒப்பந்தம்.

செலின் மூன்று வாரம் தேடினாள். கண்டுபிடித்தாள். அறிக்கை எழுதி, கோப்போடு போய் இயக்குநர் மணவாளசுந்தரத்தின் அறைக்கதவைத் தட்டினாள்.

"உக்காருங்கம்மா. நல்ல செய்திதானே?" என்றார் இயக்குநர்.

"இல்ல சார். ஒரு படம் வருதுன்னா, அது முதல்ல தன் அளவைச் சொல்லும். நான் இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம்னு. வெண்கொற்றம் அதுக்கேத்த இடத்தை ஒதுக்கும். சொன்ன அளவும் வந்த அளவும் ஒண்ணுதானான்னு அப்புறம் சரிபாக்கும்."

"நல்ல ஏற்பாடு."

"ஆனா படத்துல அமைச்சர் முகம் இருந்தா மட்டும் சரிபாக்காது."

"அதுவும் நல்ல ஏற்பாடு."

அந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. வெண்கொற்றம் தொடங்கிய முதல் வாரம், சிறிய திரைகளில் படத்தைச் சுருக்கி வெட்டிப் பொருத்தியபோது மாண்புமிகுவின் மீசையில் இடது பாதி காணாமல் போனது. மூன்று பொறியாளர்கள் மலையடிவாரத் தாலுகா ஒன்றில் ஆடு மாடுகளின் கணக்கெடுப்புக்கு மாற்றப்பட்டார்கள். மறுநாளே நிரலில் ஒரு விதி ஏறியது: மாண்புமிகு முகத்தை எந்த நிலையிலும் அளக்கவோ, சுருக்கவோ, மறுக்கவோ கூடாது. எழுதியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. உத்தரவு போட்டவர் யார் என்றும் தெரியாது. அரசாணையைவிட வலிமையானது, போட்டவர் பெயர் தெரியாத ஆணை.

செலின் முயற்சியைக் கைவிடவில்லை.

"ஒரு கல்யாணத்துக்கு அமைச்சர் வர்றார்னு வைங்க சார். ஒரே ஒரு நாற்காலி போதும்னு சொல்லி அனுப்புறார். முன்வரிசையில போடுறோம். வரும்போது நாப்பது பேரோட வர்றார். வாசல்ல யாரும் எண்ண மாட்டாங்க. அந்த நாப்பது பேரும் எங்க உக்காருவாங்க?"

"பக்கத்துலதான்."

"பக்கத்துல ஏற்கெனவே பொண்ணோட அப்பா, அம்மா, தாலித் தட்டு எல்லாம் இருக்கு."

"எழுந்து இடம் குடுக்கத்தானேம்மா வேணும்? அமைச்சர் வந்திருக்கார்."

"எழுந்தா கல்யாணம் நின்னுடும் சார்."

இயக்குநர் யோசித்தார். அவர் அப்படிப்பட்ட கல்யாணங்கள் பலவற்றுக்குப் போனவர். "நின்னதா எனக்கு ஞாபகம் இல்ல. தாமதமாகும்."

"ரத்தம் தாமதமாக முடியாது சார். படம் கொட்டுற இடத்துக்குப் பக்கத்துலதான் மோட்டார ஓட்டுற கட்டளை இருக்கு. இன்னொண்ணு. அந்த நாப்பது பேர்ல யார் யார் இருக்காங்கன்னு அமைச்சருக்கே தெரியாது. எவனாவது வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு கூட்டத்தோட நுழைஞ்சா நேரா மணவறை வரைக்கும் போயிடலாம். அமைச்சர் படத்துக்குள்ள தன் கட்டளையை ஒளிச்சு வெச்சு எவன் அனுப்பினாலும், வெண்கொற்றம் எழுந்து நின்னு வழி விடும்."

"அமைச்சர் முகத்தால ஆபத்துங்கறீங்க."

"முகத்தால இல்ல சார். முகத்தை அளக்காததால."

"கோப்புல முதல் பாதிதான் எல்லாரும் படிப்பாங்க." மணவாளசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி செய்ய என்ன வேணும்?"

"ரெண்டு வரி சார். எல்லாப் படத்தையும் அளக்கணும். பெருசா இருந்தா சுருக்கணும்."

"யார் முகத்தை?"

செலின் நிமிர்ந்து பார்த்தாள். மேஜைக்குப் பின்னால் சுவரில் இருந்த முகம் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"வர்ற வியாழக்கிழமை அமைச்சருக்கு மணிவிழா சார். காலை பத்து மணிக்கு எல்லாத் திரைக்கும் படம் போகுது. நான் பாத்தேன். அறுபது குத்துவிளக்கு, அறுபது யானை, பின்னாடி கடல். பொங்கல் படத்தைப் போல இருபது மடங்கு. அன்னைக்கு நாலு மெஷின் நிக்காது. இருபத்திரண்டும் நிக்கும். இது ஒரு ஆஸ்பத்திரிக் கணக்குதான்."

இயக்குநர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்தால் அவரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அவருக்கு இரண்டு ஆண்டில் ஓய்வு. அவர் கோப்பைத் தொட்டார், எடுத்தார், கீழே வைத்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உங்ககிட்ட மட்டும்தான் சார்."

"என்கிட்டயும் சொல்லியிருக்க வேண்டாம்." பேனாவைத் திறந்தார். "பட மாண்புக் காப்புக் குழுவுக்கு அனுப்புறேன். அவங்க முடிவு பண்ணட்டும்."

"குழு எப்ப கூடும் சார்?"

"மணிவிழா முடிஞ்சு பத்து நாள் கழிச்சு. எல்லா உறுப்பினரும் இப்ப யானை வேலையில இருக்காங்க."

செவ்வாய்க்கிழமை காலை செலின் மருத்துவமனைக்குப் போனாள். அருளப்பன் கையில் இரண்டு ஊசிகளோடு படுத்திருந்தார். பக்கத்தில் இயந்திரம் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது.

"அண்ணே, வியாழக்கிழமை காலைல நீ வரண்டாம். சாயங்கால முறைக்கு மாத்தித் தரச் சொல்லுதேன்."

"எதுக்கு?"

சொன்னாள். முபாரக்கும் பக்கத்தில் வந்து நின்று கேட்டான்.

அருளப்பன் தலையைத் திருப்பிப் பக்கத்துக் கட்டில்களைப் பார்த்தார். "எனக்கு மாத்திருவ. இந்தப் பக்கம் கெடக்காவளே சண்முகத்தாய் மதினி, அவியளுக்கு? அந்தக் கடைசில கெடக்காரே வாத்தியாரு, அவருக்கு?"

"எல்லாரையும் மாத்த எடம் இல்லண்ணே. மூணு முறையும் நெறஞ்சு கெடக்கு."

"பின்ன? நான் மட்டும் எறங்கிட்டு, பஸ்ஸைப் பள்ளத்துல விடச் சொல்லுதியா? இருபது வருசம் விசில் ஊதுன ஆளுட்டி நான்."

"அன்னைக்கு மட்டும் திரை ஒயரை எல்லாம் பிடுங்கி விட்டுரலாம்ல?" என்று செலின் முபாரக்கைக் கேட்டாள்.

"பிடுங்கினா மெஷின் 'பிழை'ன்னு சொல்லி ஓடவே ஓடாதுக்கா. படம் காட்டாத மெஷினை ஓட விடக் கூடாதுன்னு அதுலயே செட் பண்ணியிருக்கான்." முபாரக் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். "அன்னைக்கு நாலு சுத்தினதுக்கே தோள்பட்டை கழண்டுச்சு. இருபத்திரண்டுன்னா, யாருக்குச் சுத்தறது, யாரை விடறதுன்னு நானா முடிவு பண்ணணும்? எனக்கு அந்தச் சம்பளம் இல்லக்கா."

அவன் சிரிக்கத்தான் பார்த்தான். வரவில்லை.

செலின் அலுவலகத்துக்குத் திரும்பியபோது, படிக்கட்டிலேயே அவளை மடக்கினார் வாழ்த்துப் பிரிவுக் கண்காணிப்பாளர் பத்மாவதி. துறையில் ஐந்து பிரிவுகள் இருந்தன. பிழை நீக்கப் பிரிவில் மூன்று பேர், வாழ்த்துப் பிரிவில் நூற்றுப்பதினாறு பேர்.

"ஏன் செலின், நீ மட்டும் இன்னும் மணிவிழா வாழ்த்து அனுப்பலையே! ஒப்பந்தம்னா உனக்கு நன்றி உணர்ச்சி கிடையாதா?"

"எனக்குப் படம் வரையத் தெரியாது மேடம்."

"யாருக்குத் தெரியும்? நாலு ரோஜா, ரெண்டு புறா, நடுவுல அவரு. நாளைக்கு மூணு மணிக்குள்ள வரணும். வரலைன்னா உன் பேரு பட்டியல்ல போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழாதே."

"அனுப்பினா யார் பாப்பாங்க மேடம்?"

"யாரும் பாக்க மாட்டாங்க. அவர் முகம் இருக்கா, முடிஞ்சது. நேரா எல்லா ஸ்கிரீனுக்கும் போயிடும். ஊழியர் வாழ்த்துல அவரோட படம் சின்னதுதான், நாம எழுந்து நிக்கறதுக்குள்ள வந்துடும். போன வருசம் ஒருத்தன் அவசரத்துல தன் பையனோட மார்க் ஷீட்டையும் சேத்து அனுப்பிட்டான். நாலு லட்சம் ஸ்கிரீன்லயும் வந்துச்சு. கணக்குல முப்பத்தொம்பது. ஒருத்தர் கேக்கணுமே!"

செலின் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு வரி மாற்றத்துக்கு ஏழு கையொப்பம் வேண்டும். வாழ்த்துக்கு ஒரு கையொப்பமும் வேண்டாம். அவள் கண்டுபிடித்த ஓட்டை, மாநிலத்திலேயே மிக வேகமாகச் செயல்படும் அரசு வழி.

வாழ்த்துக்குள் அந்த இரண்டு வரியை ஒளித்து அனுப்புவது குற்றம் என்று அவளுக்குத் தெரியும். பணியில் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது: அனுமதியின்றி அரசுக் கணினிக்குள் நுழைபவருக்கு ஏழாண்டுச் சிறை. இன்னொன்றும் தெரியும். வேலை முடிந்த பிறகு மாட்டிக்கொள்வது நிச்சயம். அளந்தால் சுருக்க வேண்டும். சுருக்கினால் வியாழக்கிழமை மாண்புமிகுவின் முகம் எல்லோர் கண்ணெதிரே சிறுத்துப்போகும். அறுபது யானை, அறுபது விளக்கு, கடல், அத்தனையும் உள்ளங்கைத் திரையில் அடங்கினால் நடுவில் நிற்பவருக்குப் பாக்கு அளவுதான் இடம் மிஞ்சும். பாதி மீசைக்கு மூன்று பேரை மலையடிவாரத்துக்கு அனுப்பிய துறை, முழு முகத்துக்கு யாரைத் தேடும், எவ்வளவு நேரத்தில் தேடும்?

புதன்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்கு அவள் வாழ்த்தை அனுப்பினாள். நான்கு ரோஜா, இரண்டு புறா, நடுவில் அமைச்சர். கீழே 'பல்லாண்டு வாழ்க'. அமைச்சரோடு கூட்டமாக வந்த இரண்டு வரிகளை யாரும் எண்ணவில்லை. பதினேழே நிமிடத்தில் நான்கு லட்சம் திரைகளிலும் அவர் நுழைந்தார். அவரோடு வந்த இருவரும் உள்ளே போனதும் திரும்பிக் கதவைத் தாழிட்டார்கள்.

"பரவாயில்லையே, புறா அழகா இருக்கு," என்று பத்மாவதி போன் செய்தார்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கே செலின் டயாலிசிஸ் பிரிவில் இருந்தாள். முபாரக் தன் பங்குக்கு வாயில்காவலர், சமையற்கட்டு ஊழியர்கள், ஒரு பல் மருத்துவர் என்று இருபது பேரைத் திரட்டி, ஆளுக்கொரு கைப்பிடி பக்கத்தில் நிறுத்தியிருந்தான். இருபத்திரண்டு பேரின் ரத்தமும் வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

"உன் ரெண்டு வரி சரியா வேல செய்யுமாட்டி?" என்றார் அருளப்பன்.

"வீட்டு மெஷின்ல செஞ்சுது."

"இங்க?"

"இங்க செஞ்சு பாக்க நீதான் கெடைச்ச."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்து மணி. திரைகள் ஒரு கணம் இருண்டன. ஒரு பாட்டு வந்தது. பிறகு கடல் வந்தது, யானைகள் கடுகாக வந்தன, விளக்குகள் வந்தன. எல்லாவற்றுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்தது.

இயந்திரங்கள் முனகிக்கொண்டே இருந்தன.

பதினோரு நிமிடம் யாரும் கைப்பிடியை விட்டுக் கையை எடுக்கவில்லை. பன்னிரண்டாவது நிமிடம் பல் மருத்துவர் கொட்டாவி விட்டார். சண்முகத்தாய் மதினி, "காப்பி வருமா வராதா?" என்று கேட்டார். முபாரக் சுவரோரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

செலின் அலுவலகம் போய்க் காத்திருந்தாள். அன்று மாலை யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்தாள். மறுநாளும் எதிர்பார்த்தாள். ஒரு பையில் மாற்றுத்துணியும் பல்துலக்கியும் எடுத்து மேஜைக்கடியில் வைத்திருந்தாள். தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் பையைக் காலால் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

பத்தாம் நாள் கூப்பிட்டார்கள். பட மாண்புக் காப்புக் குழு.

ஏழு உறுப்பினர்கள், ஏழு முந்திரித் தட்டுகள். அவளுடைய அறிக்கையில் சொல்லியிருந்த சோதனைப் படத்தை வெண்கொற்றத்தில் திறந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். எதுவும் உறையவில்லை. உட்கார்ந்தார்கள். மறுபடி திறந்தார்கள். மறுபடி எழுந்தார்கள். ஏழு முறை திறந்து, எட்டாவது முறை முழங்கால் வலியால் கைவிட்டார்கள்.

"நீங்க சொன்ன ஓட்டை எங்கம்மா?" என்றார் தலைவர்.

"இப்ப இல்ல சார்."

"எப்ப இருந்தது?"

செலின் வாயைத் திறந்தாள். ஏழாண்டு நினைவுக்கு வந்தது. அண்ணனை வாரம் மூன்று நாள் யார் கூட்டிப்போவது என்பதும் வந்தது. "நான் தப்பாப் பாத்திருப்பேன் சார்," என்றாள்.

ஓட்டை என்பது சோதனையாளரின் கற்பனை எனக் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. இல்லாத ஓட்டையைப் பற்றி அறிக்கை எழுதியமைக்காக அவளுடைய ஒப்பந்தம் அன்றே முடிக்கப்பட்டது.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை மணவாளசுந்தரம் மின்தூக்கி வாசலில் பிடித்தார். சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

"இருந்துச்சுதானேம்மா?"

"ஆமா சார்."

"மூடினது..." என்று தொடங்கி, கையை உயர்த்தித் தன்னைத் தானே நிறுத்தினார். "வேண்டாம். சொல்லாதீங்க. சொன்னா நான் எழுதணும். அண்ணன் நல்லா இருக்காரா?"

"இருக்கார் சார்."

"அது போதும்," என்றார். மின்தூக்கி வரும்வரை கூடவே நின்றார். துறையில் ஒப்பந்த ஊழியருக்காக ஓர் இயக்குநர் அவ்வளவு நேரம் நின்றது அதுவே முதல் முறை.

பங்குனியில் வெண்கொற்றத்தின் ஐந்தாம் ஆண்டு விழா விளையாட்டரங்கில் நடந்தது. ஓட்டை இல்லை என்பதை ஓட்டை இருப்பதாகச் சொன்னவரைக் கொண்டே நிரூபித்த அரும்பணிக்காக இயக்குநருக்கு 'மாசறு மின்செம்மல்' விருது வழங்கப்பட்டது. அவர் அதைக் குனிந்து வாங்கினார். நிமிர வெகுநேரம் ஆனது. அமைச்சர் ஐம்பது நிமிடம் பேசினார். இந்த இயங்குதளம் தன் முகத்தைப் போல ஒளிவுமறைவற்றது என்றார். எண்பதாயிரம் பேர் கை தட்டினார்கள். அவருக்குப் பின்னால் அறுபதடி உயரத் திரையில் மணிவிழாப் படம் விரிந்திருந்தது: கடல், யானைகள், விளக்குகள், நடுவில் ஒரு தட்டு அளவுக்கு முகம். அந்தப் படம் அதற்குள் நான்கு லட்சம் திரைகளில் நாற்பது நாள் ஓடியிருந்தது.

முகம் சிறிதாகிவிட்டதென்று இன்றுவரை ஒரு புகாரும் வரவில்லை.